தடிப்பும் காய்ச்சலும் விடாமல் படுத்தினால்: சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்

தடிப்பு வந்து நாலு நாளில் தானாக அடங்கிவிட்டால் இதைப் படிக்கத் தேவையில்லை. வந்து போய், வந்து போய், கூடவே சாயங்காலமானால் காய்ச்சல், கை கால் குடைச்சல், ஒரு வாளி தண்ணீர் தூக்கினால்கூட அசதி என்று வாரக்கணக்கில் இழுக்கிறதே, அவர்களுக்காக எழுதுகிறேன். மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்குச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற வேலை. துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டால் ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) வரிசையில் உட்கார்ந்தும் தைக்கலாம். அப்படி உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். இன்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. டாக்டர் அதைக் கண்டுபிடிக்கத் தோதாக நீங்கள் போய் நிற்பது எப்படி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடம். உங்கள் தடிப்போ அந்தச் சில நிமிடத்தில் இருக்காது. ராத்திரி முழுக்கச் சொறிய வைத்துவிட்டு, காலையில் வரிசையில் நிற்கும்போது சுத்தமாக மறைந்திருக்கும். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலர்ஜி மாத்திரை எழுதித் தருவார். அவர் பேரில் குற்றம் இல்லை, பார்க்க ஒன்றுமில்லாதபோது அவர்தான் என்ன செய்வார்? அதனால் பெயர்பெற்ற டாக்டரைத் தேடி ஊரெல்லாம் அலைவதைவிட, தடிப்பைத் தாளிலும் போனிலும் பிடித்து எடுத்துக்கொண்டு போவதுதான் பாதி வைத்தியம்.

அதற்கு முன்னால், காத்திருக்கவே கூடாத சில உண்டு. உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கி மூச்சு இழுத்தால் ஓபிடி நேரம் பார்க்காதீர்கள். புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்த பிறகு வாயிலும் கண்ணிலும் புண் வந்து, தோல் கொப்பளித்து உரிந்தாலும் அப்படித்தான். காய்ச்சலோடு ஊதாப் புள்ளிகள் வந்திருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையவில்லையென்றால் அவசரம். கழுத்து விறைப்பது, பேச்சு குழறுவது, மூத்திரம் குறைந்துபோவது எல்லாமே அவசரம்தான். 108க்கு அடியுங்கள், இல்லை டாக்ஸி பிடித்து நேரே கேஷுவால்டி. மழைக்காலத்தில் டெங்குவையும் மறக்காதீர்கள். காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் உடம்பு சிவக்கும், ஆபத்தும் அந்தச் சமயத்தில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் ஓடுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள்.

ஒரு பக்கமாக மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வரிசை கட்டினால் அது பெரும்பாலும் அக்கி. ஊரில் என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். இங்கே குயவர் குடியிருப்பான கும்பர்வாடா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அங்கிருப்பவர்கள் குஜராத்திக்காரர்கள். அக்கி எழுதச் சொன்னால் முழிப்பார்கள். எழுதுவதற்கு நான் எதிரி இல்லை. அக்கிக்கான மாத்திரை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும் என்பதால், முதலில் டாக்டர், அப்புறம் சிங்கம். கண் பக்கம் வந்திருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

சரி, இழுத்தடிக்கிற சமாச்சாரத்துக்கு வருவோம்.

முதல் வேலை, மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் பூசுவதை நிறுத்துவது. படர்தாமரைக்கும் அரிப்புக்கும் சேர்த்து ஒன்று என்று கடைக்காரர் நீட்டுகிற ட்யூபில் க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், உள்ளே பூஞ்சை மட்டும் ஜோராக வளரும். வட்டமாக இருந்த படை உருவமே மாறிப்போகும், தோல் டாக்டரே குழம்புவார். இந்தக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதியைக் கடுமையாக்கினார்கள். விற்பனை என்னவோ குறைந்த மாதிரி தெரியவில்லை. பூசாமல் விட்டுவிட்டுப் போங்கள், ட்யூபை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: ஸ்டீராய்டை மாத்திரையாக வாரக்கணக்கில் விழுங்கி வந்திருந்தால் அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்புறம் படம். ட்யூப்லைட்டில் எடுத்தால் எல்லாம் வெளிறித் தெரியும். காலையில் வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். எங்கள் சந்தில் வெயில் எட்டிப்பார்ப்பதே அரை மணி நேரம்தான், அதற்கு மாடிக்குப் போகிறோம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டால் தடிப்பின் அளவு தெரியும். கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று முழுக் கையும் தெரிகிற மாதிரி ஒன்று. நம்மில் பலருக்கு மாநிறம், கறுப்பு. புத்தகத்தில் போட்டிருக்கிற சிவப்பு நம் தோலில் சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். படத்தில் பிடிபடாவிட்டால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தது, மேடாக இருந்தது என்று எழுதி வையுங்கள்.

எங்கள் மதினிக்கு வந்தது இந்த மாதிரி வந்துபோகிற தடிப்புதான். வீட்டில் எல்லோரும் காணாக்கடி என்றார்கள். அத்தை வெற்றிலையும் மிளகும் மென்று தின்னக் கொடுத்தார். அது காணாக்கடிதானா என்று பார்க்கத் தோல் ஓபிடியில் ஒரு சின்ன டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வேலையை நீங்களும் செய்து பார்க்கலாம். தடித்திருக்கிற இடத்தைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுத வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். கோட்டுக்குள் ஒன்றுமே இல்லை, தடிப்பு வேறு இடத்துக்குத் தாவிவிட்டது என்றால் சாதாரணக் காணாக்கடி வகை, பெரும்பாலும் பயமில்லை. மதினியின் முன்கையில் நீலக் கோடு பாத்திரம் தேய்த்ததில் முக்கால்வாசி அழிந்திருந்தது, தடிப்போ அசையவில்லை. அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம் என்றார். மூன்றாம் நாள் மேடு வற்றி, அடிபட்டுக் கன்றிய இடம் மாதிரி மஞ்சளும் பச்சையுமாகக் கறை நின்றது. ஒவ்வொரு நாளும் படம் எடுத்தோம்.

அந்தப் படங்களைப் பார்த்ததும் டாக்டரம்மா தோலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். வெயிலில் போனால் கூடுகிறதா, வாயில் புண் வருகிறதா, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா, காலையில் விரல் மடக்க முடிகிறதா, மூத்திரம் நுரைக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இத்தனை மாதமாக இதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, "தடிப்புக்குத்தானே வந்தோம், முடி கொட்டுறதையா போய்ச் சொல்ல?" என்றார். சொல்ல வேண்டும். தோலுக்கும் மூட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை, உடம்பில் நடக்கிற எல்லாவற்றையும் எடுத்து வைப்பது நம் வேலை.

அதற்குத்தான் ஒரு நோட்டு. சின்ன நோட்டுப் புத்தகம் போதும். தினம் இரண்டு வரி: காய்ச்சல் எத்தனை மணிக்கு, தெர்மாமீட்டரில் எவ்வளவு, எங்கே தடித்தது, எங்கே வலித்தது. எடையும் வாரம் ஒரு தடவை பாருங்கள். "பஹுத் தின் ஸே", ரொம்ப நாளாக, என்று மட்டும் சொன்னால் டாக்டர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கணபதிப் பண்டிகைக்கு முந்தின வாரம் ஆரம்பித்தது, சாயங்காலம் மட்டும் 100க்கு மேல் போகிறது என்றால் உடனே நிமிர்ந்து உட்கார்வார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மருந்துகள். இந்த வாரம் சாப்பிட்டது மட்டும் போதாது, கடைசி இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டது எல்லாம் வேண்டும். வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை, சல்ஃபா மாத்திரை போன்றவற்றால் வருகிற தடிப்பும் காய்ச்சலும் ஆரம்பித்துப் பல வாரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் மாத்திரையையே மறந்திருப்போம். சின்ன கிளினிக்குகளில் பெயர் போடாத மாத்திரையைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். இடுப்பில் போட்ட ஊசி என்ன என்று தயங்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள். ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம், பஸ்பம், ஹோமியோபதி உருண்டை எல்லாமே கணக்கில் சேர்த்தி. டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், மறைக்காதீர்கள்.

வேலையையும் எழுதுங்கள். நம் பேட்டையில் தோல் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! தோல் பதனிடுகிற குரோமியம் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிமென்ட் வேலைக்காரர்களுக்கும் அதே குரோமியம்தான். ஞாயிற்றுக்கிழமை குறைந்து புதன்கிழமை கூடுகிறதென்றால் நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஊருக்குப் போய் வந்ததையும் சொல்லுங்கள். இங்கிருக்கும் டாக்டருக்கு, நீங்கள் போன வாரம்தான் திருநெல்வேலிப் பக்கம் வயல்காட்டில் உட்கார்ந்து எழுந்து வந்தீர்கள் என்பது எப்படித் தெரியும்? புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு. நம் ஊர்ப்பக்கம் மழை, பனிக்காலத்தில் அதிகம். கடித்த இடத்தில் பீடி சுட்ட புண் மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று ஒளிந்திருக்கும். டாக்ஸிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரைக்கே பெரும்பாலும் கேட்டுவிடும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஊரிலிருந்து வந்து காய்ச்சல் என்றால் வீட்டிலேயே ஒருவரை வைத்து உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அம்மை என்று சொல்லி வீட்டில் படுக்க வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பிலை செருகுங்கள், கூழ் ஊற்றுங்கள், நானும் ஊற்றுவேன். ஆனால் அம்மை மாதத்துக்கு ஒரு தரம் வந்துபோகாது. அப்படி வந்தால் அது வேறு ஏதோ.

எங்கே போவது? காய்ச்சலும் அசதியும் மட்டும் முன்னால் இருந்தால் பக்கத்து ஆப்லா தவாகானாவில் ஆரம்பிக்கலாம். மாநகராட்சி நடத்துவது, சாயங்காலமும் திறந்திருக்கும், ரத்தம் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு சயான் போனால் கையில் ரிப்போர்ட்டோடு போகலாம். சயான் என்றால் லோக்மான்ய திலக் மருத்துவமனை, நமக்கு நடந்துபோகிற தூரம். தடிப்பு முக்கியமென்றால் தோல் ஓபிடி, உடம்பு முழுக்கப் படுத்துகிறதென்றால் ஜெனரல் மெடிசின். இரண்டும் இருந்தால் என் பழக்கம் முதலில் தோல்தான். அவர்களுக்கு நேரில் பார்க்க ஒன்று இருக்கிறது, சதை எடுத்துப் பார்க்கவும் முடியும், தேவைப்பட்டால் அவர்களே மெடிசினுக்கு எழுதித் தருவார்கள். காலையிலேயே போய் கேஸ் பேப்பர் (ஓபிடி சீட்டு) எடுத்துவிடுங்கள். முக்கியமானது, உங்களைப் பார்த்த யூனிட் (டாக்டர்கள் குழு) எது, அவர்களுக்கு ஓபிடி எந்தக் கிழமை என்று கேட்டு கேஸ் பேப்பர் மூலையில் எழுதிக்கொள்வது. அடுத்த தடவை உங்களுக்கு வசதியான நாளில் போனால் வேறு யூனிட், வேறு டாக்டர், மறுபடி முதலிலிருந்து கதை. அதே கிழமையில் போனால் அதே முகங்கள். பொறுமை இழந்து ஒவ்வொரு வாரமும் ஒரு புது கிளினிக் மாறுவதால் வருகிற நஷ்டமும் இதுதான். யாரிடமும் உங்கள் நோய் இரண்டாம் தடவை போவதே இல்லை.

உள்ளே போனதும் கதையை வளர்க்காதீர்கள். எப்போது ஆரம்பித்தது, என்னென்ன வருகிறது, என்ன மருந்துக்குக் குறைந்தது, இப்போது எது தாங்க முடியவில்லை என்பதைச் சொல்லி, நோட்டையும் படத்தையும் நீட்டுங்கள். பெண்கள் மார்புக்கு அடியிலும் தொடையிலும் இருப்பதை மறைத்துவிட்டுக் கையை மட்டும் காட்டுகிறார்கள். லேடி டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், சயானில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாமியாரோ கணவரோ கூட வந்திருந்தால், வெளியே இருக்கச் சொல்லித் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடமே சொல்லலாம். விடிஆர்எல் (சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கானது), எச்ஐவி பரிசோதனை எழுதினால் உங்கள் நடத்தையைச் சந்தேகிக்கிறார் என்று அர்த்தமில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாமல் தடிப்பு வந்தால் சிஃபிலிஸ் பார்க்காத டாக்டர்தான் சரியில்லாதவர். அது பென்சிலினில் குணமாகிற நோய்.

எங்கள் சந்தில் பெல்ட் தைக்கிற பையன் ஒருவன். என்னை அத்தை என்பான். காய்ச்சலோடு கையிலும் முகத்திலும் தொட்டால் வலிக்கிற சிவப்பு உருண்டைகள் வரும், இரண்டு வாரத்தில் வற்றும், மறுபடி வரும். டைஃபாய்டு என்று ஒரு கிளினிக், அலர்ஜி என்று இன்னொரு கிளினிக். சயானில் வயதான டாக்டர் ஒருவர் உருண்டைகளை அதிகம் பார்க்கவே இல்லை. காதுமடலை இரண்டு விரலால் உருட்டினார், முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பைத் தடவினார், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் காலைத் தொட்டார். பையன் தொட்டதே தெரியவில்லை என்றான். காதுமடலில் கீறிச் சாறு எடுத்துப் பார்த்ததில் தொழுநோய் உறுதியானது. உருண்டையும் காய்ச்சலும் அந்த நோயில் உடம்பு காட்டுகிற எதிர்வினையாம். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதான். தேற்றுவதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கூட்டு மருந்து காசில்லாமல் கொடுக்கிறார்கள், அவன் வகைக்கு 12 மாதம், மருந்து ஆரம்பித்ததுமே மற்றவர்களுக்குத் தொற்றுவது நின்றுவிடும், தட்டு டம்ளர் பிரிக்கத் தேவையில்லை. மூத்திரம் சிவப்பாகப் போனால் மருந்தின் நிறம், தோல் கொஞ்சம் கறுத்தால் அதுவும் மருந்துதான். வடாலாவில் 1890 முதல் இதற்கென்றே ஆக்வொர்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் இப்போது மறுபடி பெல்ட் தைக்கிறான். அரிக்காத, வலிக்காத, வெளிறிய திட்டைத் தேமல் என்று விட்டுவிடாதீர்கள். பஞ்சால் தொட்டுப் பாருங்கள்.

பரிசோதனை விஷயத்தில் என் கருத்து கறாரானது. பெரிய லேப்களின் முழு உடல் பேக்கேஜுக்குக் காசைக் கொட்டாதீர்கள். முழு ரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர், சர்க்கரை, ஈரல், கிரியேட்டினின், சிறுநீர் ரொட்டீன், நெஞ்சு எக்ஸ்ரே, பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இதில் சிறுநீர் ரொட்டீனை யாரும் மதிப்பதில்லை, டப்பாவை நிரப்பிக் கொடுக்கச் சோம்பல். மதினிக்கு அதில்தான் புரதம் போவது தெரிந்தது. பிறகுதான் ஏஎன்ஏ (எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்குகிறதா என்று பார்க்கிற ரத்தச் சோதனை), சதைப் பரிசோதனை எல்லாம். ஏஎன்ஏ நன்றாக இருக்கிறவர்களுக்கும் பாசிட்டிவ் வரும், அதை மட்டும் நீங்களாக எடுத்துப் பார்த்துத் தூக்கம் கெடாதீர்கள். தோல் பயாப்ஸிக்குப் பயப்பட ஒன்றுமில்லை, மரத்துப்போக ஊசி போட்டுப் பயறு அளவுக்கு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல். புதிதாக வந்த தடிப்பில் எடுத்தால்தான் சரியாகத் தெரியும், அதனால் புதிது வந்த அன்றைக்கே போகலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மதினிக்கு லூபஸ், அதாவது எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய் என்று முடிவாகி, பரேல் கேஈஎம் ஆஸ்பத்திரியில் மூட்டுவாதப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை, அதற்காகக் கண் பரிசோதனை, வெயிலுக்குக் குடை, இப்படிப் போகிறது.

எல்லாம் பார்த்தும் "இன்னும் தெரியவில்லை" என்று டாக்டர் சொன்னால் கோபித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்கிறவர் பரவாயில்லை. எது எது இல்லை என்று உறுதியாகியிருக்கிறது, எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும், ஒன்றும் வராவிட்டாலும் எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேட்டு கேஸ் பேப்பரிலேயே எழுதச் சொல்லுங்கள். சில நோய்கள் முழு உருவத்தைக் காட்ட மாதக்கணக்கு ஆகும். மனசுதான் காரணம், டென்ஷன் என்று ஒரு சோதனையும் செய்யாமல் அனுப்பினால் மட்டும் விடாதீர்கள். சிறுநீரும் ரத்தமும் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட் தானாக வீட்டுக்கு வராது. எந்த ஜன்னலில், எந்தத் தேதிக்கு மேல் கிடைக்கும் என்று சாம்பிள் கொடுக்கும்போதே கேட்டு, நீங்களே போய் வாங்குங்கள். வாங்கியதும் வாசலிலேயே ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, போனிலும் ஒரு படம். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரையில் வைத்த ஃபைல்தான். ஒரிஜினலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள்.